‘சர்வர் மேம்படுத்தப்படுகிறது’ – அந்த இரவில் திரைக்குப் பின்னால் நடப்பது என்ன?

“பராமரிப்புப் பணி காரணமாக இன்று நள்ளிரவு முதல் காலை வரை எங்கள் சேவை கிடைக்காது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

இப்படி ஒரு குறுஞ்செய்தி நம் எல்லோருடைய கைபேசிக்கும் வந்திருக்கும். பெரும்பாலும் படிக்காமலேயே தள்ளிவிடுவோம். மறுநாள் துபையிலிருந்து மகன் அனுப்பிய பணம் கணக்கில் ஏறவில்லை என்றதும் வீட்டில் பதற்றம் தொடங்கும். பத்திரம் பதியப் போன இடத்தில் “சர்வர் வேலை செய்யவில்லை, சாயங்காலம் வாங்க” என்று சொன்னால், சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவர்களின் ஒரு நாள் வேலையும் போய்விடும். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் கடையநல்லூரிலும் பீடி சுற்றும் நம் பெண்களின் வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் இன்று ஏதோ ஓர் ஊரிலுள்ள சர்வரில்தான் இருக்கிறது.

நம் பணம், நிலம், பெயர், திருமணப் பதிவு, வக்ஃப் சொத்து எல்லாமே இப்போது சர்வர்களில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சர்வரை மாற்றும் இரவில் உள்ளே என்ன நடக்கிறது, எங்கே தவறு நேரலாம், நாம் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நமக்கு நல்லது.

தரவுத்தளம் என்பது ஒரு தஃப்தர்

பள்ளிவாசல் அலுவலகத்தில் இருக்கும் கல்யாண தஃப்தரை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண், தேதி, மணமகன், மணமகள், வலி, சாட்சிகள், மஹர் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். கணினியில் இதே வேலையைச் செய்வதுதான் தரவுத்தளம், அதாவது டேட்டாபேஸ். கைபேசியில் நாம் பார்க்கும் செயலி வெறும் ஜன்னல். கணக்கு இருப்பது அந்த ஜன்னலுக்குப் பின்னால் உள்ள தஃப்தரில்.

ஒரு வித்தியாசம் உண்டு. பள்ளிவாசல் தஃப்தரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதுவார். வங்கியின் தரவுத்தளத்தில் ஒரே நொடியில் ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். அதனால் அங்கே ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது: ஒரு பரிவர்த்தனை முழுமையாக நடக்க வேண்டும், அல்லது நடக்கவே கூடாது. உங்கள் கணக்கில் 5,000 ரூபாய் கழிந்து, தங்கை கணக்கில் ஏறுவதற்குள் மின்சாரம் போய்விட்டால், கழித்ததையும் சேர்த்து ரத்து செய்ய வேண்டும். இதற்காகத் தரவுத்தள மென்பொருள் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பிறகுதான் கணக்கில் எழுதுகிறது. இடையில் நின்றுபோனால் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும்.

ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்?

‘நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் நோண்டுகிறார்கள்?’ என்று கேட்கத் தோன்றும். மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, இயந்திரத்தின் வயது. சர்வரும் ஒரு கணினிதான். அதன் வட்டுகள் ஓடி ஓடித் தேய்கின்றன.

இரண்டாவது, மென்பொருளின் ஆயுள். உலகம் முழுவதும் பரவலாகப் பயன்படும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் 5 ஆண்டுகள்தான் பராமரிப்பு. மைஎஸ்கியூஎல் 5.7 என்ற பதிப்பு 2015 அக்டோபரில் வந்தது. 2023 அக்டோபருடன் அதன் பராமரிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைப்பதற்கு மருந்து வராது. அந்த ஓட்டை திருடர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது, கூட்டம். பத்தாயிரம் பேருக்காக அமைத்ததில் பத்து லட்சம் பேர் நுழைந்தால் மூச்சுத் திணறும்.

பழவூர் அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரிந்து மேலப்பாளையம் வழியாக ஓடும் பாளையங்கால்வாயை நாம் அறிவோம். தண்ணீர் ஓடும்போது தூர் வார முடியாது. மதகை அடைத்து, கால்வாய் வற்றிய பிறகுதான் மண்ணை அள்ள முடியும். அடைக்காமல் வேலை நடக்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே இன்னொரு கால்வாய் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். சர்வர் வேலையிலும் இந்த இரண்டு வழிகள்தான் உண்டு.

வாரக் கணக்கில் முன்தயாரிப்பு

நமக்குத் தெரிவது ஓர் இரவு மட்டுமே. உண்மையான வேலை பல வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். தரவுத்தளத்தின் நகல் ஒன்றை எடுத்துத் தனி இயந்திரத்தில் போட்டு, அதில் ஒத்திகை பார்ப்பார்கள். எத்தனை மணி நேரம் ஆகிறது, எந்த அறிக்கை பிழை காட்டுகிறது, எந்தப் பழைய நிரல் புதிய பதிப்போடு ஒத்துப்போகவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். ஒத்திகையில் 4 மணி நேரம் ஆனால், மக்களிடம் 6 மணி நேரம் என்று அறிவிப்பார்கள்.

அடுத்து, திரும்பி வரும் வழி. எத்தனை மணி வரைக்கும் பழைய சர்வருக்கே திரும்ப முடியும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து எழுதி வைப்பார்கள். புதிய சர்வரைத் திறந்து மக்கள் பணம் அனுப்பத் தொடங்கிவிட்டால், அதன்பின் பழையதற்குத் திரும்புவது எளிதல்ல. அந்த இடைவெளியில் நடந்த கணக்குகள் பழைய சர்வரில் இருக்காது. அதனால் திறப்பதற்கு முன் ‘போகலாமா, திரும்பலாமா’ என்று பொறுப்பாளர்கள் கூடி முடிவெடுப்பார்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கு இருக்கிறது. ஹெச்டிஎஃப்சி வங்கி தன் மையக் கணக்கு அமைப்பைப் புதிய தளத்துக்கு மாற்ற 2024 ஜூலை 13-ஐத் தேர்ந்தெடுத்தது. அது இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. அதிகாலை 3 மணி முதல் மாலை 4.30 மணி வரை, மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். அந்த நேரம் முழுவதும் யூபிஐ நிற்கவில்லை. அதிகாலை 3 முதல் 3.45 வரையும், காலை 9.30 முதல் 12.45 வரையும் மட்டுமே யூபிஐ கிடைக்காது என்றார்கள். முந்தைய நாள் இரவு 7.30 மணிக்கு இருந்த இருப்பே திரையில் காட்டப்படும் என்றும் சொன்னார்கள். மதகை முழுவதும் அடைக்காமல், தேவையான இடத்தில் மட்டும் அடைத்துத் திறக்கும் வேலை இது.

அந்த இரவில்

குறித்த நேரம் வந்ததும் முதலில் வாசலை அடைப்பார்கள். புதிதாக யாரும் எழுத முடியாது. சில இடங்களில் பார்க்க மட்டும் முடியும். ஏற்கெனவே உள்ளே நுழைந்த பரிவர்த்தனைகள் முடியும் வரை காத்திருப்பார்கள்.

பிறகு கடைசி நகல் எடுக்கப்படும். அதன்பின் தரவு புதிய சர்வருக்குப் போகும். பெரிய நிறுவனங்கள் சில நாட்களுக்கு முன்பே புதிய சர்வரைப் பழையதன் இரட்டையாக ஓடவிட்டிருப்பார்கள். பழையதில் எழுதுவதெல்லாம் உடனுக்குடன் புதியதிலும் பதிவாகிக்கொண்டே இருக்கும். அப்படியிருந்தால் அந்த இரவில் செய்ய வேண்டியது பாதையைத் திருப்புவது மட்டும்தான். அது சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

போய்ச் சேர்ந்ததை எண்ணிப் பார்ப்பது அடுத்த வேலை. பழையதில் எத்தனை வரிகளோ அத்தனை வரிகள் புதியதிலும் இருக்க வேண்டும். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. மொத்தத் தொகை பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். சில பதிவுகளை எடுத்து வரி வரியாக ஒப்பிட வேண்டும்.

சின்ன விஷயங்களில்தான் பெரிய தவறுகள் ஒளிந்திருக்கும். பழைய சர்வரில் கடைசி ரசீது எண் 8,412 என்றால், புதியதில் அடுத்த ரசீது 8,413 ஆக வர வேண்டும். வரிசை எண்ணை நகர்த்த மறந்தால் மறுபடியும் 1 முதல் தொடங்க முயலும்; ஏற்கெனவே உள்ள எண்ணோடு மோதி நின்றுவிடும்.

நம் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறும் இடம்

தமிழில் பெயர் எழுதியிருக்கும் தரவுத்தளத்துக்குக் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. யுனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற பல எழுத்துருக்கள் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் தட்டிய எழுத்து அந்த எழுத்துரு உள்ள கணினியில்தான் தமிழாகத் தெரியும். மற்ற இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்டும். தமிழ்நாடு அரசு 2010-ல்தான் யுனிகோடைத் தன் அதிகாரபூர்வக் குறிமுறைகளில் ஒன்றாக அறிவித்தது. அதற்கு முந்தைய பதிவுகள் பல வடிவங்களில் கிடக்கின்றன.

யுனிகோடில் எழுதிய தமிழைச் சர்வர் சேமிக்கும்போது, பரவலான யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் இடம் தேவைப்படும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். புதிய சர்வரின் அமைப்பில் மொழிக் குறிமுறையைத் தவறாக வைத்துவிட்டால் ‘ஃபாத்திமா’ என்ற பெயர் வெறும் கேள்விக்குறிகளாகப் பதிவாகும். கண்டபடி எழுத்துகள் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்; உள்ளே பைட்டுகள் அப்படியே இருக்கும். கேள்விக்குறியாகவே பதிந்துவிட்டால் அசல் அழிந்துவிட்டது என்று பொருள். பழைய நகல் இருந்தால்தான் திரும்பக் கிடைக்கும்.

முஹம்மது, முகம்மது, முகமது என்று ஒரே பெயரை நாமே மூன்று விதமாக எழுதுகிறோம். ஆதாரில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, வைப்பு நிதியில் ஒன்று. மனிதருக்கு இது ஒரே ஆள். சர்வருக்கு மூன்று பேர். தரவுகளை இணைக்கும்போது இந்த வேறுபாட்டால் பணம் தடைபடுவது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல.

மறுநாள் காலை ஏன் மெதுவாக இருக்கிறது?

வேலை முடிந்தது என்று அறிவித்த பிறகும் சில மணி நேரம் எல்லாம் ஆமை வேகத்தில் நகரும். தடிமனான நூலின் பின்பக்கத்தில் பொருளடைவு இருப்பது போல, தரவுத்தளத்துக்கும் தேடல் அட்டவணைகள் உண்டு. எந்த அட்டவணையில் எவ்வளவு தரவு இருக்கிறது என்ற புள்ளிவிவரமும் அதற்கு வேண்டும். அதை வைத்துத்தான் எந்த வழியில் தேடுவது என்று முடிவு செய்கிறது. பதிப்பு மாற்றும்போது இந்தப் புள்ளிவிவரத்தை மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கலாம். அடிக்கடி கேட்கப்படுபவற்றை நினைவகத்தில் கையோடு வைத்துக்கொள்ளும் பழக்கமும் சர்வருக்கு உண்டு. புதிய சர்வரின் நினைவகம் காலியாக இருப்பதால், முதல் நாள் எல்லாவற்றையும் வட்டிலிருந்து தேடி எடுக்கும்.

தவறிய இடங்கள்

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவு போய்ச் சேர்ந்துவிட்டது; ஆனால் மக்கள் உள்ளே நுழைந்ததும் தளம் தாங்கவில்லை. ஒரு கட்டத்தில் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுமையாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கும் மேல் அபராதம் விதித்தன. போதுமான சோதனை இல்லாமல் அவசரப்பட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இன்னொன்று 2017 ஜனவரி 31-ல் நடந்தது. நிரலாளர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில், இரவு வெகுநேரம் வேலை செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர் இரட்டைச் சர்வரின் தரவை அழிப்பதாக நினைத்து, உண்மையான சர்வரின் தரவை அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். 300 ஜிபியில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினால் அதிர்ச்சி. ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் நம்பும்படி வேலை செய்யவில்லை. தினசரி நகல் எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் பொருந்தாததால் நகல் எடுக்கப்படவே இல்லை. ‘நகல் எடுக்க முடியவில்லை’ என்று எச்சரிக்கும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. வேறு வேலைக்காக 6 மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத்து எழுத்து போனது போனதுதான்.

அந்த நிறுவனம் நடந்ததை மறைக்காமல் முழுவதையும் வெளியிட்டது. அதனால் உலகமே பாடம் படித்தது: திரும்ப எடுத்துச் சோதித்துப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்லை. இரட்டைச் சர்வரும் பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

உமீத் தளமும் கடைசி நாள் நெரிசலும்

2025-ல் நம் சமுதாயமே ஒரு தரவு இடமாற்றத்துக்குள் இழுக்கப்பட்டது. வம்சி என்ற பழைய தளத்தில் இருந்த வக்ஃப் சொத்து விவரங்களை, 2025 ஜூன் 6-ல் தொடங்கிய உமீத் தளத்தில் 6 மாதத்துக்குள் புதிதாக ஏற்ற வேண்டும் என்றது திருத்தச் சட்டம். இது சர்வர் மேம்பாடு மட்டுமல்ல. ஒரு தஃப்தரை மூடிவிட்டு இன்னொன்றில் ஆவணத்தோடு மறுபடியும் எழுதும் வேலை. முத்தவல்லி பதிவேற்ற, வாரியத்தில் ஒருவர் சரிபார்க்க, மற்றொருவர் ஒப்புதல் அளிக்க என மூன்று படிகள்.

காலக்கெடு நெருங்கியபோது தளம் மெதுவாக இருப்பதாகப் பல மாநிலங்களிலிருந்தும் புகார் எழுந்தது. கால நீட்டிப்புக் கோரிய மனுக்களில் டிசம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தை அணுகும்படி கூறிவிட்டது. டிசம்பர் 6-ல் தளம் மூடப்பட்டபோது ஒன்றிய அமைச்சகம் தந்த கணக்கு இது: தொடங்கப்பட்ட பதிவுகள் 5,17,040. ஒப்புதல் பெற்றவை 2,16,905. சமர்ப்பித்து நிலுவையில் நின்றவை 2,13,941. சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டவை 10,869. இந்த மூன்றையும் கூட்டினால் தொடங்கியவற்றின் எண்ணிக்கை வரவில்லை. மீதி 75,325 பதிவுகள் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டன என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த எண்களில் ஒவ்வொன்றும் ஒரு பள்ளிவாசல் நிலமாக, கபரஸ்தானாக, மதரஸாவாக இருக்கலாம். சட்டம் பற்றிய கருத்து எதுவாக இருந்தாலும், பத்திரம் தேடியும் சர்வே எண் தேடியும் கடைசி வாரம் அலைந்ததை நாம் மறக்கக் கூடாது. தளம் திணறியது ஒரு பக்கம். நம் பீரோவில் ஆவணம் ஒழுங்காக இல்லாதது இன்னொரு பக்கம்.

நம் ஜமாஅத் கணினிக்கும் இதே விதிதான்

இன்று பல மஹல்லாக்களில் சந்தா, நிக்காஹ் பதிவு, வக்ஃப் வாடகை எல்லாம் ஒரே ஒரு கணினியில் இருக்கின்றன. அதன் பாஸ்வேர்டு ஒரே ஒரு சகோதரருக்குத் தெரியும். அவர் ஊர் மாறினால்?

2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி கரை புரண்டதை நாம் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு வெள்ளம் அலுவலகத்துக்குள் புகுந்தால், தஃப்தரும் கணினியும் அதே மேசையில் வைத்த பேக்கப் வட்டும் ஒன்றாகத்தான் நனையும்.

எனவே நிர்வாகிகள் இவற்றைச் செய்யலாம்:

- மூன்று பிரதிகள் வைத்திருங்கள். இரண்டு வேறு வகை ஊடகங்களில் இருக்கட்டும். ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும்.
- ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த நகலை வேறு கணினியில் திறந்து பாருங்கள். தமிழ்ப் பெயர்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று வாசித்துப் பாருங்கள்.
- மென்பொருளோ கணினியோ மாற்றும்போது பழையதை உடனே அழிக்காதீர்கள். சந்தா மொத்தமும் நிக்காஹ் எண்ணிக்கையும் இரண்டிலும் ஒத்துப்போகும் வரை பழையது இருக்கட்டும்.
- பாஸ்வேர்டு இருவருக்காவது தெரிந்திருக்கட்டும். அதை மூடி முத்திரையிட்டு நிர்வாகத்திடம் வைக்கலாம்.
- வக்ஃப் பத்திரங்களை இப்போதே ஸ்கேன் செய்யுங்கள். அடுத்த காலக்கெடு அறிவிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், சாட்சி வைக்கவும் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். எழுதி வைப்பதை நம் மார்க்கம் எவ்வளவு கனமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

பராமரிப்பு அறிவிப்பு வந்தால் தேதியையும் நேரத்தையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். துபை நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மருத்துவமனைக் கட்டணம், கல்லூரிக் கட்டணம் போன்றவற்றை அந்த நேரத்துக்கு ஒதுக்காதீர்கள். கொஞ்சம் பணம் கையில் இருக்கட்டும்.

பணம் கழிந்தும் போய்ச் சேரவில்லை என்றால் உடனே இரண்டாவது முறை அனுப்பாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, ஒருவருக்கு ஒருவர் யூபிஐ மூலம் அனுப்பித் தோல்வியடைந்த தொகை மறுநாளுக்குள் திரும்பி வர வேண்டும். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்திருந்தால் 5 நாட்களுக்குள் வர வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

மோசடிக்காரர்களுக்கும் இந்த அறிவிப்புகள் தெரியும். “சர்வர் மாற்றியிருக்கிறோம், உங்கள் கணக்கைப் புதுப்பிக்க ஓடிபி சொல்லுங்கள்” என்று அழைப்பு வந்தால் அது பொய். சர்வர் மாற்றுவதற்கு எந்த வங்கிக்கும் நம் ஓடிபி தேவையில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

மேம்பாடு முடிந்த மறுநாள், இருப்புத் தொகையையும் பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள். முந்தைய நாள் எடுத்து வைத்த கணக்குச் சுருக்கம் ஒன்று கையில் இருந்தால் ஒப்பிட இரண்டு நிமிடம் போதும். வீட்டுப் பெரியவர்களுக்கும், பீடிக் கணக்கு வைத்திருக்கும் உம்மாக்களுக்கும் அந்த இரண்டு நிமிடத்தைப் பிள்ளைகள் ஒதுக்கிக் கொடுங்கள்.